சார்ல்ஸ்டன் ஓபன்: பச்சைக் களிமண்ணில் அரை நூற்றாண்டு – வரலாறும் விவாதமும்

கோட்டோரம்:
மயாமி டென்னிஸ் போட்டி முடிந்த கையோடு தொடங்கிவிடும், பெண்கள் மட்டும் ஆடும் சார்ல்ஸ்டன் போட்டியை நம்மில் பலரும் சரியாகக் கவனிப்பதில்லை. மாட்ரிட், ரோம் வரட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பெண்கள் டென்னிஸ் சம்பளமுள்ள தொழிலாக மாறிய கதையில் இந்தப் போட்டிக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. 1973-ல் தென் கரோலினா மாநிலத்தின் ஹில்டன் ஹெட் தீவில், சீ பைன்ஸ் குடியிருப்பில் தொடங்கியது. 1975, 1976 இரண்டு ஆண்டுகள் புளோரிடாவின் அமேலியா தீவு. பிறகு திரும்பவும் ஹில்டன் ஹெட். 2001 முதல் சார்ல்ஸ்டன் நகரின் டேனியல் தீவு. பெயர் 2015 வரை ஃபேமிலி சர்க்கிள் கப், 2016 முதல் 2021 வரை வால்வோ கார் ஓபன், 2022 முதல் சார்ல்ஸ்டன் ஓபன்.

ஊரும் மாறியது, பெயரும் மாறியது. தளமும் "பெண்கள் மட்டும்" என்ற ஏற்பாடும் மாறவில்லை. கூடவே ஆண்கள் போட்டி நடக்காத ஒரு வாரத்தை 50 ஆண்டுக்கு மேல் விற்று நடத்துவது எளிதல்ல. எது இதைத் தாங்கிப் பிடித்தது என்று பேசலாம். என் கணிப்பில் பாதிப் பெருமை அந்தப் பச்சைக் களிமண்ணுக்குத்தான்.

வாலி_ராணி:
களிமண்ணுக்கு முன்னால் பணத்தைச் சொல்லியாக வேண்டும். 1970 செப்டம்பரில் ஹூஸ்டனில் ஒன்பது பெண் ஆட்டக்காரர்கள் ஆளுக்கு 1 டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஆடிய போட்டியின் மொத்தப் பரிசு 7,500 டாலர். வென்றவர் ரோஸி கசல்ஸ், கையில் கிடைத்தது 1,600. மூன்றே ஆண்டுக்குள், 1973-ல், ஹில்டன் ஹெட்டில் மொத்தப் பரிசு 1,00,000 டாலர். பெண்கள் போட்டி ஒன்று அந்தத் தொகையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அங்கேயும் வென்றவர் கசல்ஸ்தான். இறுதியில் நான்சி ரிச்சி கன்டரை 3-6, 6-1, 7-5 என்று வென்று 30,000 டாலர் வாங்கினார்.

இந்த 30,000-த்தின் அருமை தெரிய இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே 1973-ல்தான் யு.எஸ். ஓபன் முதன்முதலாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பரிசு கொடுத்தது. அங்கே ஆண்கள் சாம்பியன் நியூகோம்புக்கும் பெண்கள் சாம்பியன் மார்கரெட் கோர்ட்டுக்கும் ஆளுக்கு 25,000. ஆக, அந்த வசந்த காலத்தில் தென் கரோலினாவின் ஒரு தீவில் பெண்கள் மட்டும் ஆடிய போட்டி, கிராண்ட் ஸ்லாம் சாம்பியனுக்குக் கிடைத்ததைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது.

டிராப்ஷாட்:
பணத்தோடு தொலைக்காட்சியையும் சேருங்கள். 1973 போட்டியை என்.பி.சி. நாடு முழுக்க ஒளிபரப்பியது. அன்றைய பெண்கள் சுற்றைத் தாங்கியது வர்ஜீனியா ஸ்லிம்ஸ் சிகரெட். ஆனால் 1971 ஜனவரி 2 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை. ஸ்லிம்ஸ் பணம் கொடுக்கலாம், திரையில் விளம்பரம் போட முடியாது. ஃபேமிலி சர்க்கிளோ, சூப்பர்மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் விற்ற பெண்கள் பத்திரிகை. சமையல் குறிப்பு, வீட்டுப் பராமரிப்பு, குழந்தை வளர்ப்பு என்று அதன் வாசகர்கள் முழுக்கப் பெண்கள். அவர்கள் வீட்டுக் கூடத்துக்குப் போட்டி நேராகப் போய்ச் சேர்ந்தது. ஒரு ஆதரவாளரின் பெயர் 40 ஆண்டுக்கு மேல் ஒரே போட்டியில் ஒட்டியிருந்தது சும்மா அல்ல. இரு தரப்புக்கும் லாபம் இருந்தது.

செகண்ட்சர்வ்:
ஒரு சந்தேகம். முதல் ஆண்டு சாம்பியன் பட்டியலில் கிறிஸ் எவர்ட் பெயரைத் தேடினேன், இல்லை. களிமண்ணில் 1973-லேயே அவர் பெரிய ஆட்டக்காரர்தானே?

வாலி_ராணி:
காரணம் ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறது. 1973 தொடக்கத்தில் அமெரிக்காவில் பெண்களுக்கு இரண்டு சுற்றுகள் போட்டி போட்டு நடந்தன. ஒரு பக்கம் பில்லி ஜீன் கிங், கசல்ஸ், கோர்ட் இருந்த ஸ்லிம்ஸ் சுற்று. இன்னொரு பக்கம் அமெரிக்க டென்னிஸ் சங்கம் நடத்திய சுற்று, அதில் எவர்ட், கூலகாங், வர்ஜீனியா வேட். ஃபேமிலி சர்க்கிள் கப் ஸ்லிம்ஸ் பக்கத்துப் போட்டி. அந்த ஆண்டே இரு தரப்பும் சமாதானமாகிச் சுற்று ஒன்றானது. 1974-ல் எவர்ட் வந்தார், அதோடு அடுத்த ஐந்து ஆண்டுக்கு வேறு யாருக்கும் கோப்பை இல்லை.

ஸ்கோர்அட்டை:
எவர்ட் கணக்கு: 1974, 75, 76, 77, 78, 81, 84, 85. மொத்தம் 8. இந்தப் போட்டியில் இதை யாரும் நெருங்கவில்லை. நவரத்திலோவா 4 (1982, 83, 88, 90), கிராஃப் 4 (1986, 87, 89, 93), செரீனா 3 (2008, 12, 13). டிரேசி ஆஸ்டின், சபாட்டினி, கொன்சிட்டா மார்ட்டினெஸ், ஹிங்கிஸ், எனான் ஆகியோருக்கு இரண்டிரண்டு.

1977 இறுதியில் எவர்ட் பில்லி ஜீன் கிங்கை 6-0, 6-1 என்று அடித்திருக்கிறார். களிமண்ணில் அவர் தொடர்ந்து வென்ற 125 ஆட்டங்கள் 1973 ஆகஸ்டில் தொடங்கி 1979 மே மாதம் ரோமில் ஆஸ்டினிடம் தோற்றபோதுதான் முடிந்தன. ஆகவே 1979 ஏப்ரலில் ஹில்டன் ஹெட்டில் ஆஸ்டின் கோப்பை வாங்கியபோது எவர்டை வீழ்த்தினார் என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம். அந்த ஆண்டு இறுதியில் ஆஸ்டினிடம் தோற்றவர் கெர்ரி ரீட்.

செகண்ட்சர்வ்:
கோட்டோரம் தொடக்கத்தில் சொன்ன களிமண் விஷயத்துக்கு வருவோம். சிவப்புக்கும் பச்சைக்கும் நிறம் தவிர என்ன பெரிய வித்தியாசம்? இரண்டிலும் சறுக்கித்தானே ஆடுகிறார்கள்?

பச்சைத்தளம்:
அடிப்படையே வேறு. இரண்டுமே குளத்து மண்ணோ பானை வனையும் களிமண்ணோ அல்ல. பாரிஸில் பிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலண்ட் கேரோஸில் மேலே இருப்பது செங்கல் பொடி, அதுவும் 1 முதல் 2 மில்லிமீட்டர் மட்டும். அதற்குக் கீழே இறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல் தூள். கால் சறுக்குவது அந்த மெல்லிய பொடியின் மேல்.

பச்சையை ஹார்-ட்ரூ என்று அதன் வணிகப் பெயரால் சொல்வார்கள். வர்ஜீனியாவின் ப்ளூ ரிட்ஜ் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் பழைய எரிமலைப் பாறையை நொறுக்கி, அளவு பார்த்துச் சலித்து, பிடிமானத்துக்கு ஜிப்சம் கலப்பார்கள். பச்சை சாம்பல் நிறம் அந்தப் பாறையினுடையது. 60 அடிக்கு 120 அடி தளத்தில் நொறுக்குக் கல் அடுக்கின் மேல் இதை ஏறத்தாழ 1 அங்குலக் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி இறுக்குவார்கள். அந்த 1 அங்குலம் முழுவதும் ஒரே பொருள் என்பதுதான் முக்கியம். செங்கல் பொடியைவிட இந்தக் கல் கடினம், துகளுக்குக் கூர்மையான முனைகள் உண்டு. அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தளம் கெட்டியாக நிற்கும். பந்து சிவப்பில் போவதைவிடக் கொஞ்சம் வேகமாகக் கிளம்பி வரும், சறுக்கலும் கொஞ்சம் குறுகலாக முடியும். ரோமில் நீளமாகச் சறுக்கிப் பழகியவர்களுக்கு இங்கே முதல் இரண்டு நாள் கால் கணக்கு தப்பும்.

இந்தத் தளத்தின் உயிர் ஈரம். ஈரம் வற்றினால் மேல்பரப்பு பொடியாகி, துகள்கள் உருண்டைக் குருணையாகப் பிரிந்து நிற்கும். பந்து எகிறாமல் வழுக்கிப் போகும், ஓடித் திரும்பும்போது கால் பிடி கிடைக்காது. தண்ணீர் அதிகமானால் தளம் மெத்தென்றாகி, குதிகால் பதிந்து குழி விழும், பந்து செத்துப் போகும். அதனால் மாலை ஆட்டம் முடிந்ததும் நன்றாக நனைத்து, இரவெல்லாம் இறங்க விட்டு, காலையில் ஈரப்பதம் இருக்கும்போதே உருளை ஓட்ட வேண்டும். காய்ந்த பிறகு உருளை ஓட்டினால் பயன் இல்லை. பிறகு அகலமான பிரஷ்ஷை இழுத்துச் சமன்படுத்துவது, கடைசியில் கோடுகளைத் துடைப்பது. வெயிலும் காற்றும் அதிகமுள்ள இடங்களில் கால்சியம் குளோரைடு தூவுவார்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும்.

கோடு என்றால் சுண்ணாம்புக் கோடு அல்ல. நாடாவை நீட்டிப் பிடித்துச் சில அங்குலத்துக்கு ஓர் ஆணி வீதம் அடித்திருப்பார்கள். பக்கத்து மண் தேய்ந்து இறங்கினால் நாடா ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். அதில் பட்ட பந்து எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தொலைக்காட்சியில் பேஸ்லைனில் விழுந்த பந்து திடீரென்று தாழ்ந்து வழுக்குவதைக் கவனித்தால் பெரும்பாலும் நாடாதான் காரணம். காற்று முதலில் அடித்துக்கொண்டு போவது நுண்ணிய தூளை. மீதியாகும் குருணையைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆண்டுதோறும் புதிய பொருள் பரப்பாவிட்டால், மேலே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் தளம் பிடிக்காது.

டிராப்ஷாட்:
அருமையான விளக்கம். ஒன்று சேர்க்கிறேன். 1970-களில் பச்சைக் களிமண் ஓரமாக ஒதுங்கிய தளமாக இருக்கவில்லை. 1975 முதல் 1977 வரை யு.எஸ். ஓபனே ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஹார்-ட்ரூவில்தான் நடந்தது. மூன்றையும் வென்றவர் எவர்ட். ஹில்டன் ஹெட் அன்று அமெரிக்காவின் முக்கியத் தளத்தில் நடந்த போட்டி. 1978-ல் யு.எஸ். ஓபன் ஃப்ளஷிங் மெடோஸின் கடினத் தளத்துக்குப் போனது. அதற்குப் பிறகு பச்சை மெல்ல மெல்லத் தனிமைப்பட்டது. 1980-ல் தொடங்கிய அமேலியா தீவின் தனிப் போட்டியும் 2010-க்குப் பிறகு இல்லை. இன்று பெண்கள் முதன்மைச் சுற்றில் பச்சைக் களிமண் என்றால் சார்ல்ஸ்டன் ஒன்றுதான்.

செகண்ட்சர்வ்:
அப்படியானால் என் கேள்வி இன்னும் வலுவாகிறது. பாரிஸுக்குத் தயாராக வேண்டியவர் வேறு எங்குமே இல்லாத தளத்தில் ஒரு வாரம் செலவழிப்பானேன்? சிவப்புக்கு மாற்றிவிட்டால் இன்னும் பெரிய பெயர்கள் வருவார்களே.

ஸ்கோர்அட்டை:
பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். ஒரே ஆண்டில் இந்தப் போட்டியையும் பிரெஞ்சு ஓபனையும் வென்றவர்கள்: எவர்ட் 1974, 1975, 1985. நவரத்திலோவா 1982. கிராஃப் 1987, 1993. பியர்ஸ் 2000. கேப்ரியாட்டி 2001. எனான் 2003, 2005. செரீனா 2013. மொத்தம் 11 தடவை. பச்சையில் ஆடியது பாரிஸில் இவர்கள் யாரையும் கெடுக்கவில்லை.

ஆனால் இதே பட்டியலில் உங்கள் பக்கத்துக்கும் ஒரு சான்று இருக்கிறது. 1973 முதல் 2008 வரை 36 போட்டிகளில் 10. 2009 முதல் 2025 வரை 16 போட்டிகளில் (2020 நடக்கவில்லை) 1 மட்டும். தளம் அதேதான், மண்ணும் அதேதான். ஆகவே மாறியது வேறு ஏதோ.

கோட்டோரம்:
மாறியது நாள்காட்டி. 2009-ல் பெண்கள் சுற்றை அடியோடு திருத்தி அமைத்தார்கள். 2008 வரை சார்ல்ஸ்டன் முதல் நிலைப் போட்டி. 2009-ல் ஒரு படி கீழே இறக்கப்பட்டது. அதே ஆண்டு மாட்ரிட் மே மாதத்துக் கட்டாயப் போட்டியாக, சிவப்புக் களிமண்ணோடு உள்ளே வந்தது. அக்டோபரில் உள்ளரங்கக் கடினத் தளத்தில் நடந்துவந்த ஸ்டுட்கார்ட், ஏப்ரலுக்கும் சிவப்புக் களிமண்ணுக்கும் அதே ஆண்டுதான் மாறியது. மயாமியிலிருந்து நேராக ஐரோப்பா பறந்து, ஸ்டுட்கார்ட், மாட்ரிட், ரோம், பாரிஸ் என்று ஒரே கண்டத்தில், ஒரே நிறத்தில் ஆடலாம் என்றானது. ஐரோப்பிய ஆட்டக்காரர் சார்ல்ஸ்டனைத் தவிர்ப்பதற்கு அதற்கு மேல் காரணம் வேண்டாம்.

அதனால்தான் சிவப்புக்கு மாற்றினால் ஆள் வருவார்கள் என்ற வாதம் எனக்கு ஏற்பில்லை. ஐரோப்பாவில் சிவப்புக்குப் பஞ்சமில்லை. சார்ல்ஸ்டன் சிவப்பானால் விமானத்தில் எட்டு மணி நேரம் தள்ளி இருக்கும் இன்னொரு ஸ்டுட்கார்ட் ஆகிவிடும். இப்போது அங்கே போகிறவர்கள் இரண்டு வகை. கடினத் தளத்திலிருந்து களிமண்ணுக்குப் படிப்படியாக இறங்க விரும்புகிற அமெரிக்கர்கள் ஒன்று. கொஞ்சம் வேகமான களிமண்ணில் ஓங்கி அடித்து வெல்லக்கூடியவர்கள் இன்னொன்று. 2009 லிசிக்கி, 2010 ஸ்டோசர், 2018 பெர்டென்ஸ், 2019 கீஸ், 2024 காலின்ஸ் என்று பெயர்களை வரிசையாகப் பாருங்கள். பலமான சர்வும் ஃபோர்ஹேண்டும் இங்கே பலன் தருகின்றன. காலின்ஸ் மயாமியை வென்ற மறுவாரமே இங்கே வந்து இறுதியில் கசாட்கினாவை 6-2, 6-1 என்று முடித்தார். கடினத் தளத்து வேகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து ஆட முடிந்தது.

டிராப்ஷாட்:
கசாட்கினாவே 2017-ல் இங்கே சாம்பியன், அவரிடம் ஓங்கி அடிக்கும் ஆட்டம் கிடையாது. அந்த இறுதியில் அவரிடம் 6-3, 6-1 என்று தோற்றவர்தான் ஓங்கி அடிப்பவர்: ஒஸ்டபென்கோ. இரண்டு பேருக்கும் 19 வயது. இரண்டே மாதத்தில் ஒஸ்டபென்கோ பாரிஸில் கோப்பை தூக்கினார். ஆகவே இந்தத் தளம் ஒரே வகை ஆட்டத்துக்குத்தான் என்று முடிவு கட்டுவது சரியாகாது.

வாலி_ராணி:
சிறு வயதினர் பேச்சு வந்ததால் 1985 முதல் 1990 வரை நின்று பார்க்க வேண்டும். 1985 இறுதியில் எவர்டுக்கு எதிரே நின்ற சபாட்டினிக்கு 14 வயது. எவர்ட் 6-4, 6-0. அடுத்த ஆண்டு 16 வயது கிராஃப் அதே எவர்டை 6-4, 7-5 என்று வென்றார். கிராஃபின் வாழ்க்கையில் முதல் தொழில்முறைக் கோப்பை அதுதான். 1990-ல் தொழில்முறைக்கு வந்து சில வாரமே ஆன கேப்ரியாட்டி, 14 வயதில் இறுதி வரை வந்து நவரத்திலோவாவிடம் 6-2, 6-4 என்று தோற்றார். அவர் இந்தக் கோப்பையைத் தொட 11 ஆண்டு ஆனது. 2001-ல், சார்ல்ஸ்டனுக்கு மாறிய முதல் ஆண்டு, ஹிங்கிஸை 6-0, 4-6, 6-4 என்று வென்றார்.

1989 இறுதி ஆட்டமாக ஒன்றுமே இல்லை, கிராஃப் 6-1, 6-1. ஆனால் தோற்ற நடாஷா ஸ்வெரெவா பரிசளிப்பில் பேசியது டென்னிஸ் வரலாற்றில் நின்றுவிட்டது. சோவியத் ஆட்டக்காரர்கள் வெல்லும் பணம் அரசு விளையாட்டு அமைப்புக்குப் போய்விடும். கையில் காசோலையை வைத்துக்கொண்டு, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்தப் பணம் தனக்குக் கிடைக்காது என்று வெளிப்படையாகச் சொன்னார். 18 வயது கூட முழுதாக ஆகவில்லை. 1973-ல் பரிசுத் தொகையாலும் ஒளிபரப்பாலும் பெயரெடுத்த ஒரு போட்டியில்தான் அந்தக் குரலும் எழுந்தது.

செகண்ட்சர்வ்:
ஹில்டன் ஹெட்டை விட்டு ஏன் வந்தார்கள்? படங்களில் பார்த்தால் மரங்களுக்கு நடுவே அழகான இடம்.

கோட்டோரம்:
அழகுக்குக் குறையில்லை. ஆனால் அது விடுமுறைத் தீவு. சார்ல்ஸ்டன் நகரம் டேனியல் தீவில் 17 தளங்கள் கொண்ட புதிய பொது டென்னிஸ் மையத்தையும் 10,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கத்தையும் கட்டியது. இரண்டு ஊருக்கும் இடையே சாலை வழி ஏறத்தாழ 160 கி.மீ. மாநிலமும் தளமும் மாறவில்லை, பழைய பார்வையாளர் காரில் வந்துவிடலாம். போட்டி இல்லாத வாரங்களில் உள்ளூர் மக்கள் அதே தளங்களில் ஆடுகிறார்கள், இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அங்கே ஒரு தளத்துக்கு ஆல்தியா கிப்சன் பெயர். 1956-ல் பாரிஸில் கிராண்ட் ஸ்லாம் வென்ற முதல் கறுப்பினத்தவர், பிறந்தது இதே தென் கரோலினாவில்.

டிராப்ஷாட்:
நம் நாட்டோடு இந்தப் போட்டிக்கு நேரடித் தொடர்பும் உண்டு, இந்த இழையில் இதுவரை யாரும் சொல்லவில்லை. சானியா மிர்சா 2011-ல் எலெனா வெஸ்னினாவோடு இங்கே இரட்டையர் கோப்பை வென்றார். 2015-ல் ஹிங்கிஸோடு இந்தியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று தொடர்ச்சியாக மூன்று. சார்ல்ஸ்டன் இறுதியில் டெலாக்வா – யுராக் இணையை 6-0, 6-4 என்று வென்றதும் இரட்டையர் தரவரிசையில் முதலிடம் வந்தது. அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியப் பெண் அவர். முதல் இரண்டு கோப்பை கடினத் தளத்தில், மூன்றாவது பச்சைக் களிமண்ணில். வலையோரம் ஹிங்கிஸ், பின்னால் சானியாவின் ஃபோர்ஹேண்ட். பந்து கொஞ்சம் வேகமாக வரும் தளத்தில் அந்த இணைக்கு ஆட்டமுறையை மாற்றவே வேண்டியிருக்கவில்லை. மாட்ரிட் சிவப்பில் அதே அளவு எளிதாக இருந்திருக்காது என்பது என் கருத்து.

ஸ்கோர்அட்டை:
அண்மைக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018-ல் போட்டியை பென் நவாரோ வாங்கினார், ஆட்டக்காரர் எம்மா நவாரோவின் தந்தை. ஃபேமிலி சர்க்கிள் பத்திரிகையே 2019-ல் நின்றுபோனது. பெயர் கொடுத்தது போய்விட்டது, போட்டி இருக்கிறது. 2020-ல் கொரோனாவால் ரத்து. அந்த ஜூனில் அதே இடத்தில் 16 பேரை வைத்து அணிப் போட்டியாக ஒரு காட்சி ஆட்டம் நடத்தினார்கள். 2022-க்குள் அரங்கம் புதுப்பிக்கப்பட்டது. அந்த ஆண்டு பென்சிச் ஜாபரை வென்றார், மறு ஆண்டு அதே இறுதியில் ஜாபர் பென்சிச்சை வென்றார். 2025-ல் பெகுலா, கெனினை 6-3, 7-5. இரண்டாவது செட்டில் 1-5 என்று பின்தங்கியிருந்து எடுத்தது.

வாலி_ராணி:
இதில் ஒன்று விடுபட்டது. பெண்கள் மட்டும் ஆடும் 500 நிலைப் போட்டிகளில், அதே நிலை ஆண்கள் போட்டிக்கு இணையான பரிசை 2026 முதல் தருவதாக 2025-ல் சார்ல்ஸ்டன் அறிவித்தது. இதைச் செய்ய முன்வந்த முதல் தனிப் போட்டி இதுதான். பெண்கள் டென்னிஸ் சங்கம் தனிப் போட்டிகளுக்கு வைத்திருந்த கெடு 2033. அதை ஏழு ஆண்டு முன்னதாகச் செய்கிறார்கள். கோட்டோரம் பாதிப் பெருமை மண்ணுக்கு என்றார். எனக்கு மண்ணைவிட இதுதான் பெரிது. 2009-ல் நிலை இறங்கியபோது இவர்கள் பரிசையும் வசதியையும் குறைத்துக்கொண்டு சிறிய போட்டியாக ஒதுங்கியிருக்கலாம். அப்படி ஒதுங்கிய போட்டிகள் இன்று பட்டியலிலேயே இல்லை.

கோட்டோரம்:
பணம் ஆட்டக்காரரை ஒரு தடவை வரவைக்கும் என்பதில் மறுப்பில்லை. திரும்பத் திரும்ப வரவைப்பது தளமும் அந்த வாரமும்தான் என்கிறேன். எவர்டுக்கு 8 தடவை கோப்பை கொடுத்ததும் பெகுலா ஆண்டுதோறும் பெயர் கொடுப்பதும் ஒரே காரணத்தால்: அமெரிக்காவை விட்டுக் கிளம்புமுன் களிமண்ணில் கால் பழக வேறு இடம் இல்லை.

செகண்ட்சர்வ்:
இரண்டு பேர் சொல்வதும் புரிகிறது. சிவப்புக்கு மாற்றச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஸ்கோர்அட்டையின் 2009 கணக்கைப் பார்த்த பிறகு காரணம் மண் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஏப்ரலில் பார்க்க வேண்டும். நேரம் எப்படி?

பச்சைத்தளம்:
ஏப்ரலில் அங்கே கோடை நேரம், நாம் ஒன்பதரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 11 என்றால் நமக்கு இரவு 8.30. பகல் 1 மணி ஆட்டம் நமக்கு இரவு 10.30. முழு வாரமும் கண் விழிக்க முடியாதவர்கள் முதல் இரண்டு நாள் பகல் ஆட்டங்களைப் பாருங்கள். மயாமி கடினத் தளத்திலிருந்து வந்தவர்கள் எந்தப் பந்துக்குச் சறுக்குகிறார்கள், எதற்கு ஓடி நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். பந்தை அடித்த பிறகு சறுக்குகிறவர் இன்னும் கடினத் தளக் கணக்கிலேயே இருக்கிறார். சறுக்கி முடிக்கும்போது அடிக்கிறவருக்குத் தளம் பிடிபட்டுவிட்டது. செட் முடிந்ததும் பிரஷ் இழுக்கும்போது தூசி கிளம்பினால் ஈரம் குறைகிறது என்று அர்த்தம். அடுத்த செட்டில் பந்து வழுக்கும், டிராப் ஷாட் நன்றாக வேலை செய்யும்.